யோக் யிங்குக்கு ஒரு மகஜர்

சட்டைப் பையில் மகஜர் இருந்தது. இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சன்னாசி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்தரை மணி. வெளியே பழைய டவுன் தெருவில் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது, சாப்பாட்டுக் கடைக்குள்ளே குளிர்சாதனம் உறுமுகிறது. தெருவைச் சுருட்டிக் கொண்டுவந்து கட்டடத்துக்குள் விரித்துவிட்டார்கள், படுபாவிகள். சுவரோரம் ஒரு தள்ளுவண்டி, அதன் சக்கரத்தை சிமெண்டில் புதைத்திருக்கிறார்கள். மேலே துருப்பிடித்த தகரக் கூரை, அந்தத் துருவும் பெயிண்டு. நாற்பது வருசத்துக்கு முன்னால் இதே மாதிரி வண்டிகளைத்தான் நகராண்மைக் கழகம் அசிங்கம் என்று சொல்லி லாரியில் அள்ளப் பார்த்தது. இன்று அந்த அசிங்கத்துக்கு விளக்குப் போட்டு அலங்காரம் பண்ணி, 'அசல் கண்டோனீஸ் தெருவோரச் சுவை' என்று நோட்டீசு அடித்து வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போகிறான் ஒருவன். அந்த நோட்டீசை அவர் இரண்டு தடவை படித்திருந்தார். எந்த நோட்டீசையும் அவர் இரண்டு தடவை படிப்பார்: முதல் தடவை விசயத்துக்கு, இரண்டாம் தடவை எழுதினவனைத் திட்டுவதற்கு. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு அவரைக் கைகழுவிவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்தான். தொழிலாளர் லயத்துச் சுவரில் ஒட்டினதைப் படித்துப் படித்து, பிறகு ஒட்டுகிற ஆளாகி, பிறகு எழுதுகிற ஆளாகி, 'சுரண்டல்' என்ற சொல்லைப் பதின்மூன்று வயதில் பழகிக்கொண்டவருக்கு இன்றைக்கு வேண்டிய சொல் மட்டும் எந்தத் துண்டறிக்கையிலும் வந்ததில்லை. யோக் யிங் இப்போது வருவாள். அடுத்த மாதம் பதினாலாம் தேதி அவளை அவள் மகன் கா மிங் மெல்போர்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான், ஒரேயடியாக. வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுப்பதாகப் பேச்சு. போகாதே, என்னோடு இரு. இவ்வளவுதான் சங்கதி. எழுபத்திரண்டு வயதுக்காரன் எழுபது வயதுக்காரியிடம் சொல்ல வேண்டிய சங்கதி. தொழிற்சங்கக் கூட்டத்தில் ஐயாயிரம் பேர் நடுவில் ஒலிபெருக்கியில்லாமல் பேசின தொண்டை, இதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தபோது காற்றுப் போன டயர் மாதிரி உஸ்ஸென்றது. ஆகவே கோரிக்கை மனுவாக எழுதிவிட்டார். எழுத உட்கார்ந்தால் கைக்குத் தெரிந்த ஒரே உருவத்தில்தான் வந்தது. தேதி, பொருள், கோரிக்கைகள் ஒன்று முதல் ஐந்து வரை.

கதவு திறந்தது, வெயில் ஒரு முழம் உள்ளே வந்தது, கூடவே அவள். நீலப் பூப்போட்ட சட்டை, முட்டிக்கு ஒரு பட்டை, கையில் குடை. நடக்கும்போது இடது காலைச் சற்று யோசித்து யோசித்து வைக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பது வருசம் வான்தான் மீ என்கிற நூடுல்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற கால் அது. கடைசி மூன்று வருசமாகத்தான் அது ஓய்ந்திருக்கிறது. "என்னா தலைவரே, சீக்கிரமா வந்துட்ட? ஊர்வலத்துக்குக்கூட நீ லேட்டாத்தானே வருவ" என்றாள், நல்ல தோட்டத்துத் தமிழில். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு வளர்ந்தவள். அவளுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, ஆனால் நம்முடைய பட்டம் வாங்கின டத்தோமார்கள் மேடையில் பேசும் தமிழைவிட இவள் தமிழ் சுத்தம் என்று அவர் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அப்படிச் சொன்னதாலேயே இரண்டு டத்தோமார்கள் அவரோடு பேசுவதில்லை. போகட்டும், அவர்களும் அவரோடு சேர்ந்து நோட்டீசு ஒட்டினவர்கள்தான். பசை வாளியைத் தூக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது எதற்கு அவர்கள் ஞாபகம். அவள் எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்! இத்தனை வருசத்தில் அவளை அவர் பார்த்ததெல்லாம் நின்ற கோலத்தில்தான், ஆவிக்குப் பின்னால், பாதி முகமாக. அவள் புருசன் ஆ கியோங் இருந்தபோதும் சரி, அவர் போய்ப் பதினோரு வருசமான பிறகும் சரி. தன்னுடைய மனைவி பாக்கியம் இருந்தபோதும், அவள் போன பிறகும்கூட. மேசைக்கு எதிர்ப்பக்கம் முழு முகமாக, இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் தெரிகிற மாதிரி ஒருத்தி உட்காருவது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சன்னாசிக்கு இன்றுதான் தெரிந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கொடி பிடித்துக்கொண்டு ஓடியது.

தேநீர்க் கூஜா வந்தது. அவள் தன் கிண்ணத்திலும் கோப்பையிலும் கொதிக்கிற டீயைக் கொஞ்சம் ஊற்றி, சாப்பிடுகிற குச்சிகளை அதில் அலசி, சுற்றிக் கொட்டினாள். கண்டோனீஸ்காரர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் செய்கிற வேலை, கடைக்காரன் கழுவினதை நம்புவதில்லை. பிறகு, கேட்காமல் கொள்ளாமல், அவருடைய கோப்பையையும் இழுத்து அலசினாள். அவருடைய குச்சியையும். அந்தக் கை சுருக்கென்று வந்து, பதினைந்து வயதுப் பெண்ணின் கை மாதிரி சாமர்த்தியமாக வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், தொழில் பழக்கம். நாற்பது வருசம் பாத்திரம் அலசினவள் பக்கத்தில் எது இருந்தாலும் அலசுவாள். இல்லை, அர்த்தம் இருக்கிறது. அர்த்தம் இல்லாமல் ஒரு மனுசி இன்னொருத்தன் குச்சியை அலசுவாளா? நிர்வாகம் ஒரு பைசா கூட்டிக் கொடுத்தால் அதில் உள்ள சூழ்ச்சி என்ன என்று ராத்திரியெல்லாம் யோசித்தே பழகின மூளை, இந்த அலசலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. அவள் டீ ஊற்றினாள். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், தனக்கு ஊற்றப்பட்டதும் இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்டினார். நன்றி என்று அர்த்தம். சன்னாசி தட்ட மாட்டார். தட்டினதே இல்லை. ஏதோ ஒரு மாமன்னன் வேசம் போட்டுக்கொண்டு டீ ஊற்றினானாம், அவன் காலில் விழ முடியாத ஊழியன் விரலால் விழுந்து கும்பிட்டானாம், அதுதான் இந்தத் தட்டல் என்று பத்தொன்பது வயதில் யாரோ சொன்னார்கள். மன்னனுக்கு விழுந்த விரல் என் கையில் வேண்டாம் என்று அன்றே முடிவு பண்ணினார். "நாப்பது வருசம் உனக்கு டீ ஊத்துனேன்" என்றாள் யிங், கூஜாவை வைத்துக்கொண்டே. "ஒரு தடவை தட்டுனியா நீ? எங்க வீட்டுக்காரரு என்னைக் கேட்டாரு, அந்த சன்னாசிக்கு ஒன்னோட டீ புடிக்கலயான்னு." "அது நிலப்பிரபுத்துவப் பழக்கம்" என்றார் அவர். "யாரு பிரபு? நானா? மீ விக்கிறவ பிரபுவா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னாசி யோசித்தார். ஐம்பத்து மூன்று வருசக் கொள்கை. அந்த மன்னன் செத்து எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும், அவனுக்கு எதிராக இவர் இன்னும் மறியல் பண்ணிக்கொண்டிருக்கிறார், அதில் தண்டனை முழுக்க இவளுக்கு. கையைத் தூக்கி, இரண்டு விரலை மடக்கி, மேசையை ஓங்கித் தட்டினார். கோப்பை துள்ளியது. பக்கத்து மேசைப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ யா, கதவையா தட்டுற? வீட்ல ஆளு இல்லயா?" என்று அவள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க, அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொள்கை போனதில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை, அதுதான் ஆச்சரியம்.

மெனு அட்டை கிடையாது. மேசையில் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால்தான் சாப்பாடாம். வேலையாள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க வாடிக்கையாளனையே வேலையாள் ஆக்கியிருக்கிறான் முதலாளி என்று அவர் ஆரம்பித்தார், அவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே படத்தைப் பார்த்தே பட்டனை அமுக்கி எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டாள். வான்தான் மீ இரண்டு, வறுத்த மீன் உருண்டை, அரிசிமாவுச் சுருளான சீ சியோங் ஃபன், கஞ்சி, கஞ்சியில் முக்கித் தின்ன எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி. வருவதற்குள் அவர் கண் சுவருக்குப் போனது. போன கண் அங்கேயே மாட்டிக்கொண்டது. பெரிசு பண்ணிச் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். பஸ் ஸ்டாண்டுப் பின்தெரு. லாரி. லாரிக்கு முன்னால் கரண்டியை உயர்த்திக்கொண்டு ஒரு முப்பது வயதுப் பெண். யிங்! "பாத்தியா" என்று எழுந்தேவிட்டார். பத்திரிகைக்காரன் எடுத்த படம், அவருக்குத் தெரியும். அந்த லாரி வந்த அன்று வியாபாரிகளை வரிசையாக உட்கார வைத்ததே அவர்தான். அவள்தான் உட்காரவில்லை. கொதிக்கிற பானையை விட்டுவிட்டு எப்படி உட்காருவது என்று நின்றாள். அவர் எங்கே? கிட்டப் போய்ப் பார்த்தார். படத்தின் இடது ஓரத்தில் பாதி ஒலிபெருக்கி, அதைப் பிடித்திருக்கிற ஒரு முழங்கை. அவ்வளவுதான். பதினேழு நாள் மறியல், இரண்டு தடவை லாக்கப், ஒரு பல், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சரித்திரம் அவருக்கு ஒரு முழங்கை கொடுத்திருக்கிறது. அதற்குக் கீழே 'அந்தக் காலத் தெரு வாழ்க்கை' என்று ஒரு வரி. எந்தப் போராட்டம் என்று இல்லை, யார் ஜெயித்தார்கள் என்று இல்லை. காலையில் முகம் கழுவும்போது வருகிற பழைய கசப்பு, எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள் என்கிற கசப்பு, அடித்தொண்டைக்கு வந்தது. வந்த கசப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அவளும் பக்கத்தில் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, "ஒன்னோட முழங்கை நல்லாத்தான் இருக்கு, தலைவரே. என்னைப் பாரு, வாயைத் திறந்துகிட்டு, கொசு போற மாதிரி" என்றாள். ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்பது வருசமாக ஒரே சட்டத்துக்குள். ஒரு ஆணியில்.

மீ வந்தது. அவள் சாப்பிடுவதை அவர் பார்த்தார். பார்க்கத்தானே வந்தது. முதலில் முகர்ந்தாள். பிறகு ஒரே ஒரு இழையைத் தூக்கிக் கடித்தாள். முகத்தில் நீதிபதி வந்து உட்கார்ந்தார். "பச்சைத் தண்ணியில முக்கல" என்று தீர்ப்புச் சொன்னாள். "கொதிக்கிற தண்ணியில போட்டு, எடுத்து, பச்சைத் தண்ணியில ஒரு முக்கு முக்கி, திரும்பக் கொதிதண்ணி. அப்பத்தான் கடிக்கிறப்ப துள்ளும். இவன் நேரா அள்ளிப் போட்டுட்டான், சோம்பேறி." சூப்பை உறிஞ்சினாள். "ஆனா சூப்புக்குக் கருவாட்டைச் சுட்டுத்தான் போட்டிருக்கான். பரவால்ல, மனுசன்தான்." மீன் உருண்டைக்கு மன்னிப்பு. சீ சியோங் ஃபன்னுக்குப் பாராட்டு. மாவுக்குச்சியைக் கிள்ளிக் கஞ்சியில் முக்கி, அது ஊறுவதற்கும் நொறுங்குவதற்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நொடியில் பிடித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். இவ்வளவு சூடாக, இவ்வளவு நிதானமாக அவள் சாப்பிட்டிருக்கவே மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. வியாபாரம் முடிந்து அடியில் ஒட்டினதைத் தின்றவள். மிளகாய்த் தண்ணீர்தான் காரணம் என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இந்தச் சந்தோசத்தைக் கெடுக்காமல் இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன? கேட்காமல் இருந்தால் இன்னும் ஒரு மாதம் சிரிப்பாள். கேட்டால், இப்போதே, இந்தக் கஞ்சி ஆறுவதற்குள், சிரிப்பை நிறுத்தினாலும் நிறுத்தலாம். "ஒனக்கு மூளை கொழம்பிப் போச்சா" என்று கேட்கலாம். சிரிக்காமல் கேட்டால் அதுதான் பயம். தம்பி சொல்லுவான், வயசான காலத்தில் ஒரு சீனத்தியைப் போய். டத்தோமார்கள் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களைப் பற்றி எந்தக் காலத்தில் பயந்தோம். பயம் அதில்லை. பயம் பதினைந்தாம் தேதி காலை. பதினாலாம் தேதி விமானம் ஏறிவிட்டால், பதினைந்தாம் தேதி காலையில் பல்லைத் துலக்கிவிட்டுச் செருப்பை மாட்டினால், கால் எந்தப் பக்கம் திரும்பும்? மூன்று வருசமாகத் தினம் காலையில் அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் பேப்பர் வாங்கப் போகிறார். பேப்பர்க் கடை எதிர்த்திசையில் இருக்கிறது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "என்னா, நெஞ்சு வலிக்குதா?" என்றாள் அவள் சட்டென்று, குச்சியைக் கீழே வைத்துவிட்டு. "உள்ள வந்ததுலேர்ந்து நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்குற. மாத்திரை போட்டியா?" "நெஞ்சு இல்ல." "பின்ன?" "மகஜர்."

சொல்லியாகிவிட்டது. இனி இழுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியாது. "யாருக்கு? எந்த ஆபீசுக்கு?" "ஒனக்குத்தான்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள், திருப்பியும் பார்த்தாள், திரும்பக் கொடுத்துவிட்டாள். "நான் எங்க படிச்சேன். நீயே படி." இந்த ஒன்றை அவர் யோசிக்கவே இல்லை. நான்கு நாள் உட்கார்ந்து, அடித்து, திருத்தி, நல்ல காகிதத்தில் எழுதினவருக்கு, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரியும், தெரிந்தும் தோன்றவில்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று எந்தக் கோழை கணக்குப் போட்டானோ அவன் நன்றாக மாட்டிக்கொண்டான். சன்னாசி காகிதத்தைப் பிரித்தார். பிரித்ததும் பழக்க தோசம், முதுகு நிமிர்ந்தது, குரல் எழும்பியது. "பொருள்: யோக் யிங் அவர்கள் மெல்போர்ன் செல்வது தொடர்பாக. கோரிக்கை ஒன்று: மேற்படி பயணம் உடனடியாக ரத்து செய்யப்பட வேண்டும். கோரிக்கை இரண்டு: காலைப் பசியாறல் இருவரும் ஒரே மேசையில் மேற்கொள்ள வேண்டும். கோரிக்கை மூன்று: இரண்டு வீடு எதற்கு என்பதைப் பரிசீலிக்க வேண்டும். கோரிக்கை நான்கு: சட்டப்படி பதிவு செய்துகொள்வதில் ஆட்சேபனை இருக்கக் கூடாது. கோரிக்கை ஐந்து..." ஐந்தாவதில் குரல் இறங்கிவிட்டது. "கோரிக்கை ஐந்து: முன்னால் போய்விடக் கூடாது." பக்கத்து மேசைப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வாசல் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம், அந்த அம்மா புருசன் தொடையில் கிள்ளுவது தெரிந்தது. யிங் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியால் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சிரிக்கவில்லை. அதுதான் பயந்த காரியம், அது நடந்துவிட்டது, அவள் சிரிக்கவில்லை.

"எல்லாம் நீ கேக்குறது" என்றாள் கடைசியில். "நீ குடுக்குறது எங்க எழுதியிருக்கு?" அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்பது போல. வெறும் வெள்ளை. ஐம்பது வருசமாக மகஜர் எழுதியிருக்கிறார், எவ்வளவு மகஜர், எவ்வளவு கோரிக்கை. ஒன்றிலாவது நாங்கள் தருவது என்று ஒரு பத்தி எழுதினதுண்டா? எதற்கு எழுத வேண்டும், உழைப்பவன் ஏற்கெனவே எல்லாவற்றையும் கொடுத்தவன், அவன் கேட்க மட்டுமே கடமைப்பட்டவன். சரிதான். முதலாளிக்கு அது சரி. இவள் என்ன முதலாளியா? "நீ குடு, நீ செய், நீ போகாத, நீ சாகாத" என்று விரலை மடக்கினாள் யிங். "சங்கத்துக்காரன்தான் நீ, சந்தேகமே இல்ல." என்ன இருக்கிறது கொடுக்க? கோபம் இருக்கிறது, நிறைய. நினைவு இருக்கிறது, யாரும் கேட்பாரில்லாத நினைவு. பாதிப் பல். முட்டி வலி இவளுக்கும் இருக்கிறது, அதைச் சேர்த்தால் நாலு முட்டி. கடவுளே இல்லாதவனுக்குக் கடவுளே என்று வந்தது. சொல், ஏதாவது சொல், மேடை இல்லை, கைதட்டல் இல்லை, சொல். "மீ எப்படிப் போடுறதுன்னு நீ சொல்லு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "பச்சைத் தண்ணியில முக்கி, எல்லாம். நான் போட்டுத் தர்றேன். காலையில. நீ உக்காந்துகிட்டு, நல்லால்லன்னு திட்டு. சண்டைக்கு ஆள் வேணும்னா நான் இருக்கேன். ராத்திரி கால் வலிச்சா தைலம் தேய்ச்சு விடுறேன். பேச வேணாம்னு சொன்னா..." இங்கே ஒரு நிமிசம் தயங்கினார், ஏனென்றால் இது பெரிய விலை. "பேச வேணாம்னு சொன்னா, அரை மணி நேரம் பேசாம இருப்பேன்." "அரை மணி நேரமா?" "முக்கால்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் ஓரத்தில் ஏதோ நடுங்கியது, அது சிரிப்பா இன்னொன்றா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு பையைத் திறந்து கைப்பேசியை எடுத்து, ஒரு எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள்.

யாரை? அவருக்குக் காது இரண்டும் நீண்டன. கண்டோனீஸ் கடைத்தெரு அளவுக்கு அவருக்குத் தெரியும், பாத்திரத்து ஆவிக்கு நடுவில் பொறுக்கின பாசை. கா மிங், என்றாள். மகனிடம் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்றாள். அங்கே குளிரா என்றாள். இதையெல்லாம் இப்போதுதான் கேட்க வேண்டுமா என்று சன்னாசியின் ஈரல் கருகியது. அந்தப் பதினாலாம் தேதி டிக்கெட், என்றாள். கேட்டது. ரத்து என்று சொல்லப் போகிறாள், கோரிக்கை ஒன்று நிறைவேறப் போகிறது என்று முக்காலி நுனிக்கு வந்தார். இல்லை, பதினாலாம் தேதி வருகிறேன், என்றாள் அவள். வருகிறேன். அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. சரி. தோல்வி. தோற்றுப் பழக்கம் உண்டு, எழுந்து நேராக நடக்கத் தெரியும். அவள் பேசிக்கொண்டே போனாள்: பேரனைப் பார்க்க வேண்டும், இரண்டு மாதம் இருப்பேன், அதற்கு மேல் முடியாது, திரும்பி வருகிற டிக்கெட்டும் சேர்த்துப் போடு. திரும்பி வருகிற! அப்புறம், என்றாள், ஒரு ஆளுக்கு இல்லை, போவதும் வருவதும் இரண்டு ஆளுக்கு. எதிர்முனையில் என்ன சத்தமோ, கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். அந்தச் சத்தம் ஓய்கிற வரை கூஜாவின் மூடியைத் திருப்பி வைத்து இன்னும் டீ கேட்டாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "கோரிக்கை ஒண்ணு முடியாது. என் பேரனை நான் பாக்கணும். நீயும் வா. மத்த நாலும் வந்து பேசிக்கலாம்." "நானா? ஆஸ்திரேலியாவுக்கா?" "பின்ன நோட்டீசு ஒட்டவா கூப்புடுறேன்? பாஸ்போர்ட் இருக்கா?" "இல்ல. இந்த அரசாங்கத்துக்கிட்ட நான் எதையும்..." "நாளைக்குப் போயி எடு. நானும் வரிசையில நிக்கிறேன்." வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்தரப்பு, கேட்டதை மறுத்துவிட்டு, கேட்டதற்கு மேலே கொடுத்திருக்கிறது. இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு என்ன செய்வது, கையெழுத்துப் போடுவதா, கோசம் போடுவதா? வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்த கொடிகளெல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சுக்கு ஏறி வந்து நின்றன. "அவன் கேக்குறான்" என்றாள் யிங், கைப்பேசியை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு. "ஐசியில, அடையாளக் கார்டுல, ஒன் பேரு எப்படி இருக்குன்னு கேக்குறான். ஒவ்வொரு எழுத்தா சொல்லு. மெதுவா." குளிர்சாதனம் உறுமியது, வாசல் பக்கத்து அம்மா சாப்பிடுவது போல் நடித்துக்கொண்டிருந்தாள், கடல் தாண்டி ஒருவன் பேனாவோடு காத்திருந்தான். சன்னாசி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஒரு வேலைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்று தெரிந்தும், எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார்.